நாச்சிமுத்து மாஸ்டரின் பாதித் தலைவலி

வினோதினி டீச்சர் சாப்பிடக் கூடாத பொருள்கள் மொத்தம் முப்பத்தொன்று. பிரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கும். காபி, சாக்லேட், சீஸ், ஊறுகாய் என்று நியாயமாகத் தொடங்கி, வாழைப்பழம், வேர்க்கடலை, வெங்காயம், தயிர் என்று ஈவு இரக்கமில்லாமல் நீண்டு, கடைசியில் 'சந்தேகத்துக்கு இடமான மற்றவை' என்று முடியும். அந்தக் கடைசி வரிக்குள் ஒரு மளிகைக் கடையையே அடக்கிவிடலாம்.

"பேசாமச் சாப்பிடக் கூடியதை எழுதி ஒட்டிரலாமே வினோ, ஒரு பஸ் டிக்கெட்டுல முடிஞ்சிரும்" என்று கணவர் கிரிதரன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பதிலுக்கு வந்த பார்வையில் மனிதர் அன்று மஞ்சள் மண்டிக்கு அரைமணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிட்டார்.

டீச்சரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு வருவது தைலம் தேய்த்துக்கொண்டு சமையலைப் பார்க்கிற தலைவலி இல்லை, ஒற்றைத் தலைவலி. முதலில் கண்ணுக்குள் கோணல்மாணலாக ஒளிக்கோடுகள் ஓடும். இருபது நிமிடம் கழித்து இடது பொட்டில் அறை விழும். அப்புறம் வெளிச்சம் ஆகாது, பேச்சுச் சத்தம் ஆகாது, பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனைகூட ஆகாது. வாந்தி. ஒன்றரை நாள் இருட்டறை.

பத்தொன்பது வயதில் மாநிலப் பூப்பந்து அணிக்குத் தேர்வு நடந்த அன்றைக்கு, மைதானத்து ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவர் அவர். இப்போது நாற்பத்தேழு. கோபிசெட்டிபாளையத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. காலையில் எட்டு கிலோமீட்டர் ஓட்டம், மாலையில் பந்தாட்டம். ஆடாமல் ஓடாமல் உட்கார்ந்திருந்தால் வலி குறையும் என்று சொன்ன மூன்று டாக்டர்களை வரிசையாக மாற்றியிருந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கான மாநிலப் பூப்பந்துக் கோப்பையை ஒரே ஒரு தரம் கையில் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம். அதற்காகத்தான் முப்பத்தொன்றையும் விட்டார். வலி மட்டும் அவரை விடவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் 2043 தை மாதம் வில்லை வந்தது.

"ஒரு மூட்டை இருக்குன்னு வெச்சுக்கங்க" என்றார் ஈரோட்டு டாக்டர் ஜெசிந்தா. "தனியாத் தூக்கினா முதுகு போயிரும். ஆளுக்கொரு முனை புடிச்சா, பேசிக்கிட்டே நடந்து போயிரலாம். அவ்வளவுதான் டீச்சர். காதுக்குப் பின்னால இந்த வில்லையை வெச்சா, உங்களுக்கு வர்ற வலியில பாதி இன்னொரு ஒற்றைத் தலைவலிக்காரருக்குப் போயிரும். அவருக்கு வர்றதுல பாதி உங்களுக்கு. பாதி வலியில படுக்க வேண்டியதில்லை. எழுந்து நடமாடலாம், ஆடலாம்."

"அந்த ஆளு யாரு?"

"சொல்லக் கூடாது. முப்பது கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவரு, அவ்வளவுதான். உங்க வலிப் பங்காளி."

பங்காளி என்ற சொல்லே டீச்சருக்குப் பிடிக்கவில்லை. அவர் வீட்டில் பங்காளிகளோடு பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருடம் ஆகிறது.

"இன்னொரு விஷயம்" என்றார் டாக்டர். "வில்லையை ரெண்டு தட்டுத் தட்டினா, அந்த நேரத்து வலி மொத்தமும் உங்க பக்கம் வந்துரும். எதிராளி ஒரு தட்டுத் தட்டினா, அவரோட பாதி திரும்ப அவருக்கே போயிரும். ஒருத்தர் பஸ் ஓட்டறாரு, பிரசவத்துல இருக்காங்க, அந்த மாதிரி அவசரத்துக்கு. ஆனா எடுத்துக்கத்தான் முடியும், தள்ளிவிட முடியாது. தள்ள வழி வெச்சோம்னா நாளைக்கே வசதியுள்ளவங்க ஆள் போட்டுத் தலைவலியை அனுபவிக்க ஆரம்பிச்சிருவாங்க."

"அப்படி யாராவது ரெண்டு தட்டு தட்டியிருக்காங்களா?"

டாக்டர் சிரித்தார். "நாலாயிரம் ஜோடிக்குப் போட்டிருக்கோம். இதுவரைக்கும் ஒருத்தர்கூட இல்லை."

கையில் நாலு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார். டீச்சர் முதல் பக்கத்தைப் படித்தார். தவிர்க்க வேண்டிய உணவுகள் என்று போட்டிருந்தது. எல்லாம் ஏற்கெனவே பிரிட்ஜ் கதவில் இருப்பவைதான். மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வில்லை நன்றாகத்தான் வேலை செய்தது. இருட்டறை போயிற்று, வாந்தி போயிற்று. வலி வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட முடிந்தது. மாசி மாதம் அவருடைய அணி மாவட்டப் போட்டியில் ஜெயித்தது. ஆனால் வலி வருவது மட்டும் நிற்கவில்லை. பாதி பாதியாக, முன்னைப் போலவே அடிக்கடி வந்துகொண்டிருந்தது.

"நான்தான் ஒண்ணையும் வாயில வெக்கறதில்லையே. அப்ப இதெல்லாம் யாரு தின்னு வர்றதுங்க?" என்று டீச்சர் கேட்டார். கேட்டது கிரிதரனிடம். அவர் அப்போது சந்தேகத்துக்கு இடமான ஒரு முறுக்கை வாயில் ஒளித்து வைத்திருந்தார்.

ஊரிலும் இதே கதைதான். காதுக்குப் பின்னால் வில்லை உள்ளவர் டீக்கடையில் ஒரு பஜ்ஜியை எடுத்தால் போதும், முன்பின் தெரியாதவர்கள்கூட, "ஏனுங்ணா, உங்க பங்காளி பாவமில்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பேக்கரிக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போகிற பழக்கம் அப்போதுதான் வந்தது.

சித்திரையில் ஒருநாள் டீச்சர் மாதக் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, வலி வந்த நாளுக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டார். இருபத்து மூன்று வட்டம். அதில் பத்தொன்பது முகூர்த்த நாள்.

"மாட்டிக்கிட்டான்!" என்று கத்தினார். "கல்யாணத்துக்குக் கல்யாணம் போய் மூக்கு முட்டத் தின்னுக்கிட்டிருக்கிறான் எவனோ ஒரு தீனிப் பண்டாரம்!"

அதோடு நிற்கவில்லை. மாநில இறுதிப் போட்டி இந்த வருடம் கோபியிலேயே நடப்பதாக அறிவிப்பு வந்திருந்தது. தேதியைப் பார்த்தால் ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். அதற்குப் பிறகு ஆடி வந்துவிடும் என்பதால் ஊரிலுள்ள மண்டபமெல்லாம் நிரம்பி வழியும் நாள். அன்றைக்குப் பங்காளி சும்மா இருப்பானா? அதற்குள் ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கண்டுபிடித்தது வைகாசியில், கணக்கு டீச்சர் மகள் கல்யாணத்தில். ஜோடி வில்லைகள் பக்கத்தில் வந்தால் இலேசாகச் சுடும். மண்டபத்து வாசலில் சந்தனம் எடுக்கக் குனியும்போதே டீச்சருக்குக் காதுக்குப் பின்னால் சுட்டது. மணமேடைப் பக்கம் போனார், சூடு குறைந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தார், ஏறியது.

கூடத்தில் காலைப் பலகாரப் பந்தி நடந்துகொண்டிருந்தது, அங்கே வேறொரு தொல்லை. பரிமாறும் வண்டிகள். ஆளில்லாமல் தானாக உருண்டு வந்து பரிமாறும், பேசும். எங்கள் பக்கத்து உபசாரத்தை அப்படியே அதற்குப் பழக்கிவைத்துவிட்டார்கள். "வாங்க அம்மிணி, ஒரே ஒரு ஒப்புட்டுங்க" என்று ஒரு வண்டி டீச்சர் பின்னாலேயே வந்தது. "வேண்டாம்" என்றார். "பாதியாச்சும் வெக்கறனுங்க." "வேண்டாங்கறேன்ல?" "கோவிச்சுக்காதீங்க, சந்தகையாச்சும் ஒரு வாய்." டீச்சர் சமையற்கட்டுக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். அந்த இடத்தில் வில்லை தீயாய்ச் சுட்டது.

ஆளுயர அண்டாவின் முன்னால், துண்டைத் தலையில் கட்டிய ஒரு கட்டை குட்டையான மனிதர், கண்ணை மூடிக்கொண்டு ரசத்தின் ஆவியை முகர்ந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். அவரும் சடக்கென்று காதைத் தடவிக்கொண்டு திரும்பினார்.

"நீங்கதானா?" என்றார் டீச்சர், வாழ்க்கையில் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதையும் குரலில் ஏற்றி.

"நீங்கதானுங்களா?" என்றார் அவரும், அதே கோபத்தோடு.

இதை டீச்சர் எதிர்பார்க்கவில்லை.

"ஏனுங்க, பார்த்தா நல்ல மனுசியாட்டத் தெரியுதுங்க. அப்படி என்னத்தைத்தான் தின்னு தொலைப்பீங்க? நாலு மாசமா என்ற மண்டை வெடிக்குதுங்க!"

"நான் தின்னா? முப்பத்தொரு பொருளை விட்டவங்க நான்! நீங்கதான் இந்த நாப்பது அண்டாவையும் ருசி பாத்து ருசி பாத்து என் தலையில இடி இறக்கறீங்க!"

காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று டீச்சருக்கு அப்போதே புரிந்தது.

"ருசி பாக்கறதுங்களா?" என்றார் அந்த மனிதர் மெல்ல. "முதல் எலை சாமிக்குங்க. அதுக்கு முன்னால நாக்குல வெச்சா எச்சில். முப்பது வருசத்துல ஒரு பருக்கை வெச்சதில்ல இந்த நாச்சிமுத்து. உப்பு, புளி, காரம் எல்லாமே மூக்குதானுங்க. இந்த ஊர்ல எந்தச் சமையக்காரரை வேண்ணாக் கேட்டுப் பாருங்க."

"அப்ப வேற என்ன சாப்பிடறீங்க?"

"கிளம்பறப்ப ரெண்டு இட்லி, பத்து மணிக்கு மோர்ச்சோறு. கடைசிப் பந்தி முடிஞ்சதும் என்ன மிச்சமோ அது. பங்காளி எவனோ கண்டதைத் தின்னு கஷ்டப்படறான், நாமளாச்சும் ஒழுக்கமா இருப்போம்னு பலகாரத்தைக்கூட விட்டுட்டனுங்க."

டீச்சர் கைப்பையிலிருந்து காலண்டரை உருவினார். அவர் அதைக் கூடவே வைத்துக்கொண்டு அலைந்தார், ஆளைப் பிடித்தால் முகத்தில் காட்ட வேண்டும் என்று. "அப்ப இது என்ன? பத்தொன்பது முகூர்த்தம்!"

நாச்சிமுத்து மாஸ்டர் காலண்டரை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ரசம் கொதித்ததுகூட அவர் காதில் விழவில்லை. யாரோ ஒரு பெண் வந்து அடுப்பைத் தணித்தாள்.

"டீச்சர், இன்னைக்கு முகூர்த்தம். காலைல என்ன சாப்ட்டீங்க?"

"ஓடிட்டு வந்து வெந்நீர்."

"அப்பறம்?"

"கல்யாணத்துக்குக் கிளம்ப நேரமாயிருச்சு. இங்கயும் எல்லாமே என் பட்டியல்ல இருக்கறதுதான். தாலி கட்டினதும் கிளம்பிருவேன்."

"ஊட்டுக்குப் போயி?"

"மூணு மணிக்குப் பந்தாட்டம். வெறும் வயித்துல ஆடினாத்தான் உடம்பு லேசா இருக்கும்."

"கல்யாணம் எத்தனைக்குப் போவீங்க?"

"எங்கிட்டப் படிச்ச பொண்ணுங்க கல்யாணம் எல்லாத்துக்கும் போகணுமே. ஒரு முகூர்த்தத்துல ரெண்டு மூணுகூட இருக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, டீச்சர் கண்ணில் ஒளிக்கோடுகள் ஓட ஆரம்பித்தன. இருபது நிமிடத்தில், அண்டாவுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக இரண்டு பேரும் இடது பொட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இது யாருதுங்க?" என்றார் மாஸ்டர். "நான் இட்லி சாப்ட்டனுங்க."

டீச்சர் அவர் கையிலிருந்த காலண்டரைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தார். வாயைத் திறந்து என்ன சொல்ல? இருபது வருடமாகக் கட்டிக் காத்த பட்டியல். ஐஸ்கிரீம் ருசி மறந்துபோயிற்று, அம்மா உயிரோடு இருந்தபோது தன் கையால் வைத்த வத்தக்குழம்பை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறார். அத்தனையும் விட்டுவிட்டு, சோற்றையும் விட்டதால்தான் வலி வந்தது என்றால், அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அழுகை வந்துவிட்டது. மாஸ்டர், முதல் இலை சாமிக்கு ஆனதும், அடுப்போரத்தில் ஒரு இலையைப் போட்டு சோறும் பருப்பும் நெய்யும் வைத்தார். டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டார். முக்கால் மணி நேரத்தில் இரண்டு தலையும் தெளிந்தன.

டாக்டர் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார் டீச்சர். "இதை ஏன் டாக்டர் எங்கிட்டச் சொல்லலை?"

"மூணாவது பக்கத்துல கொட்டை எழுத்துல இருக்கே டீச்சர். நேரத்துக்குச் சாப்பிடறது, தண்ணி, தூக்கம். வெறும் வயித்துல ஓடக் கூடாதுன்னு தனியாக் கட்டம் கட்டிப் போட்டிருக்கோம்."

பட்டியல் பிடித்த கைக்கு மூன்றாவது பக்கம் எட்டவே இல்லை.

அன்றிலிருந்து மாஸ்டர் ராஜ்யம் ஆரம்பமாயிற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விசில் ஊதி மிரட்டுகிற டீச்சரை, காலை ஆறு, ஏழரை, பதினொன்று, நாலு என்று போன் போட்டு மிரட்டினார் மனிதர். "ஓடறதுக்கு முன்னால ரெண்டு பேரீச்சை. தின்னாச்சுங்களா? ஓடி வந்த அரைமணில ஆகாரம். எங்க, மென்னுட்டுப் பேசுங்க, சத்தம் கேக்கோணும்." பதினொரு மணிப் பீரியடில் டீச்சர் மைதானத்து ஓரமாய் நின்று ராகி உருண்டை தின்பதை எட்டாம் வகுப்பே வேடிக்கை பார்த்தது. பட்டியலில் உள்ளதை நாலு நாளைக்கு ஒன்றாகத் திரும்பச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். வாழைப்பழம் ஒன்றும் செய்யவில்லை. வெங்காயம், தயிர், வேர்க்கடலை எல்லாம் நிரபராதிகள். காபிகூட, தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு என்றால் சும்மா கிடந்தது. சீஸையும் பாக்கெட்டில் வருகிற காரச் சிப்ஸையும் மட்டும், பழைய குற்றவாளிகள் என்று, தொட்டுப் பார்க்கவில்லை.

கிரிதரன் ஒருநாள் பிரிட்ஜ் கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "ஏனம்மணி, அந்த மாஸ்டருக்கு நாம ஒரு வேட்டி சட்டை எடுத்துக் குடுத்தா என்ன?" என்றார்.

ஐந்து வாரம். நடுவில் ஐந்து முகூர்த்தம். ஒரு வலி இல்லை. டீச்சர் தன் வாழ்நாளில் ஐந்து வாரம் சேர்ந்தாற்போல் தலை ஒன்று இருப்பதையே மறந்து இருந்ததில்லை. சந்தோஷத்தில் சில நாள் காரணமில்லாமல் சிரித்தார். மாஸ்டர் மட்டும் போனில், "அப்ப இனிமே வராதுங்களா?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். வராது என்றதும், "நல்லதுங்க" என்று வைத்துவிட்டார்.

இறுதிப் போட்டி நாள் வந்தது. காலை பத்து மணி ஆட்டம். ஏழரைக்கு இட்லி சாப்பிட்டாயிற்று. பத்து மணிக்கு இரண்டு அணியும் வெயிலில் வரிசையாக நின்றன, தலைமை விருந்தினர் கைகுலுக்குவதற்காக.

விருந்தினர் வரவில்லை. இதோ பவானி தாண்டிவிட்டார் என்றார்கள். இதோ சத்தி ரோட்டில் ஒரு கல்யாணத்தில் தலைகாட்டிவிட்டு வருகிறார் என்றார்கள். வரிசையை விட்டு நகர்ந்தால், படம் எடுக்க நிறுத்திவைத்தது கலைந்துவிடும் என்று ஒரு நிர்வாகி ஓடி ஓடி விரட்டினார். பதினொரு மணி உருண்டை, மைதானத்துக்கு அந்தக் கோடியில் பையில் இருந்தது. போன் அதே பையில் கத்திக்கொண்டிருந்தது. மாஸ்டர்தான், வேறு யார்? பன்னிரண்டே காலுக்கு விருந்தினர் வந்தார். பொன்னாடை, அதற்குப் பதில் பொன்னாடை, உடல்நலத்தில் உணவின் பங்கு பற்றி நாற்பது நிமிடப் பேச்சு. ஆட்டம் தொடங்கும்போது மணி ஒன்று. உருண்டையை வாயில் போட்டுத் தண்ணீரால் விழுங்கிவிட்டு டீச்சர் மட்டையை எடுத்தார்.

முதல் ஆட்டம் இவர்களுக்கு, இரண்டாவது எதிரணியான சேலத்துக்கு. மூன்றாவது, முப்பத்தைந்து புள்ளி ஆட்டத்தில் பதினொன்று பதினொன்று இருக்கும்போது டீச்சர் கண்ணில் ஒளிக்கோடு ஓடியது.

"போச்சு" என்றார் வாய்விட்டு.

மஞ்சள் பந்து கோடுகளுக்கு நடுவில் தெரிந்தும் தெரியாமலும் வந்தது. பழக்கத்தில் அடித்தார். இருபத்தொன்று இருபத்தொன்றில் பொட்டில் அறை விழுந்தது. பாதி அறை. சரி, பாதிதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்தார். சர்வீஸ் போடக் கையை ஓங்குகிறார், விளக்கை அணைத்தது போல வலி நின்றுவிட்டது.

அப்புறம் டீச்சர் ஆடியது ஆட்டம். பத்தொன்பது வயதில்கூட அப்படி ஆடியதில்லை. எந்த மூலைக்குப் போட்டாலும் அங்கே இருந்தார். இருபத்தைந்து, இருபத்தெட்டு, முப்பத்து மூன்று. சேலம் முப்பத்தொன்று. இன்னும் இரண்டே புள்ளி. கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வலி போகவில்லை. இரண்டு தட்டுத் தட்டிவிட்டார் அந்த மனுசன்! இரண்டு தெரு தள்ளி மண்டபத்தில், ஆயிரத்தைந்நூறு இலைக்குச் சமைத்துவிட்டு, பன்னிரண்டு அடுப்புக்கு நடுவில், தாளிக்கிற வாசனையில், முழு வலியோடு நிற்கிறார். முழு வலி என்றால் என்ன என்று டீச்சருக்குத் தெரியும். கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் கண் இருண்டால்?

இரண்டே புள்ளி. ஐந்து நிமிடம்கூட ஆகாது. கோப்பை மேசையில் கண்ணெதிரே பளபளத்தது. டீச்சர் அதைப் பார்த்தார், நாசமாய்ப் போக என்று யாரையோ திட்டினார், காதுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டினார்.

பாதி வலி, முழு வேகத்தோடு வந்து இறங்கியது. அடுத்த பந்து மட்டையில் படவே இல்லை. அதற்கடுத்த மூன்றும்தான். முப்பத்தைந்துக்கு முப்பத்து மூன்று, சேலம்.

கைகுலுக்கிய கையோடு டீச்சர் மண்டபத்துக்கு ஓடினார். மாஸ்டர் சாமான் அறையில், பூசணிக்காய்களுக்கு நடுவே, நெற்றியில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு வாளி.

டீச்சருக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "உங்களை யாரு மாஸ்டர் எடுத்துக்கச் சொன்னது? அடுப்புக்குள்ள விழுந்திருந்தா என்ன ஆகறது?"

மாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஜெயிச்சுட்டீங்களா?"

"தோத்துட்டோம். பாதியைத் திரும்ப வாங்கினேன்ல, அதுல."

"அட கெரகமே! அதை ஏனுங்க நடுவுல புடுங்குனீங்க?"

"எனக்காக நீங்க இங்க செத்துக்கிட்டிருக்கறப்ப நான் அங்க பந்தடிக்கறதா?"

"உங்களுக்காக யாருங்க எடுத்தா?" என்றார் மாஸ்டர்.

டீச்சர் விழித்தார். மாஸ்டர் துண்டை அவிழ்த்து, பிழிந்து, திரும்பக் கட்டிக்கொண்டார். அவசரப்படாமல்தான் பேசினார்.

"எனக்குத் தலைவலியே கெடையாதுங்க டீச்சர். பொறந்ததுலிருந்து கெடையாது. ஈரோட்டுல இருக்குதுன்னு பொய் சொல்லித்தான் வில்லையை வாங்குனேன். அன்னைக்கு உங்ககிட்டச் சொன்னதும் அதே பொய்தானுங்க. தலைவலி எல்லாம் என்ற சம்சாரத்துக்கு. கலாமணின்னு பேரு. முகூர்த்த நாளானாத் தப்பாம வந்துரும். சன்னலைச் சாத்திட்டுப் படுத்துக்குவா. நான் அலுத்துச் சலிச்சு ஊட்டுக்கு வந்தா ஒரு வாய்த் தண்ணி மோந்து குடுக்க ஆளிருக்காது. 'வேலைக்குப் பயந்துட்டு வேசம் போடறா'ம்பேன். அவ காதுல உளுகோணும்னே சத்தமாச் சொல்லுவேன். இருவத்திரண்டு வருசம் சொன்னனுங்க. திருப்பி ஒரு வார்த்தை பேசுனதில்ல. போன வருசம் நெஞ்சுவலில போயிட்டா."

டீச்சர் ஒரு பூசணிக்காயின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்படி என்னதான் வலிச்சுதுன்னு பாத்துரோணும்னுதான் வில்லை போட்டேன். பாதியே தாங்கலைங்க. பின்ன உங்க காலண்டரைக் காட்டுனீங்க பாருங்க, அன்னைக்குத்தான் இன்னொண்ணும் புரிஞ்சுது. முகூர்த்த நாள்ல நான் கடைசிப் பந்தி முடிச்சுட்டு ஊடு வந்து சேர நாலு மணி, அஞ்சு மணி ஆயிரும். நான் வர்ற வரைக்கும் அவ சாப்பிட மாட்டா. ஊருக்கே சோறு போட்டுக்கிட்டு நின்னனுங்க நான், அங்க அவ பட்டினி."

வெளியே பரிமாறும் வண்டி ஒன்று யாரையோ பாயசம் வாங்கிக்கொள்ளும்படி கெஞ்சிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தரம் முழுசாப் பாத்துரோணும்னு இருந்தனுங்க. உங்களுக்கு வலியே வராமப் போயிருச்சு. இன்னைக்குத்தான் வந்துச்சு. ரச அண்டாவை எறக்கி வெச்சுட்டு, இங்க வந்து உக்காந்து ரெண்டு தட்டுத் தட்டுனேன். பன்னண்டு நிமிசங்க டீச்சர். பன்னண்டே நிமிசம். அதுக்குள்ள பாதியைப் புடுங்கிட்டீங்களே!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. கோப்பையை விட்டுக் கொடுத்து வாங்கிய பாதி வலி, மாஸ்டர் கொடுக்கவே விரும்பாத பாதி. "மன்னிச்சுக்கங்க மாஸ்டர்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேசம் இல்லீங்க" என்றார்.

கடைசிப் பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து கையை நீட்டினார். "வாங்க, ஒரு வாய் சாப்பிட்டாத்தான் ரெண்டு பேருக்கும் தெளியும்."

"எனக்கு நிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகுங்க."

"அப்ப நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

மாஸ்டர் சட்டென்று இரண்டு கண்ணையும் திறந்தார். அந்த வெளிச்சம் அவருக்கு எப்படி வலித்திருக்கும் என்று டீச்சருக்குத் தெரியும்.

"இருக்க வேண்டாமுங்க. எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். நீங்க போயி மொதல்ல சாப்புடுங்க. போங்க டீச்சர், போங்க."

டீச்சர் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். தலை பிளந்துகொண்டிருந்த நேரத்தில் இறக்கிய ரசம், சுத்தமாக உப்பே இல்லை. பந்தி முழுக்க அதைத்தான் பேசினார்கள். நாச்சிமுத்துக்கு மூக்குப் போயிருச்சாட்ட இருக்குது என்றார் ஒருவர். டீச்சர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக்கொண்டார்.